எலும்புக்கூட்டுக்கு எந்த ஊர்?

பினாங்கில் ஒரு தமிழன் இன்னொரு தமிழனைப் பார்த்தால் முதலில் கேட்பது பேரை அல்ல, ஊரை. ஊர் தெரிந்த பிறகுதான் நாற்காலி போடுவதா, நிற்க வைத்தே பேசி அனுப்புவதா என்பது முடிவாகும். இந்த வழக்கத்தைக் கண்டால் ஜெயராஜுக்கு எரிச்சல். ஆனாலும் புது ஆளைப் பார்த்ததும் அவனும் அதைத்தான் கேட்பான். நாக்குக்குப் பழகிப்போயிருந்தது.

ஜெயராஜ் ஒரு கப்பல் கம்பெனியில் குமாஸ்தா. பதினாறு வருஷமாக ஒரே முக்காலியில் உட்கார்ந்து, வரும் கப்பல் போகும் கப்பல் பேர்களை நகலெடுத்துக்கொண்டிருந்தான். மாலையானால் சூலியா தெருவில், மாடியில் இருந்த தமிழர் அறிவு வளர்ச்சிச் சபைக்குக் காரியதரிசி. 1928-ஆம் வருஷம் தமிழ்ப் பள்ளிக்கூடங்களில் உடல்நலப் பிரசங்கம் செய்ய ஓர் ஆள் தேவை என்று விளம்பரம் வந்தது. ஆளைத் தேர்ந்தெடுப்பவர் ஒரு வெள்ளைக்கார டாக்டர். ஜெயராஜ் மனுப் போட்டான். ‘உன் சபையிலேயே ஒரு பிரசங்கம் செய், வந்து கேட்கிறேன்’ என்று டாக்டரிடமிருந்து பதில் வந்தது. அந்தக் கடிதத்தை அவன் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். முக்காலியிலிருந்து எழுந்திருக்க இந்த ஜன்மத்தில் இது ஒன்றுதான் வழி என்று அவனுக்கு நன்றாகத் தெரியும்.

தலைப்பு உடனே கிடைத்தது: ‘எலும்புகள், நம்மைத் தாங்குவதும் நடக்க வைப்பதும்’. எலும்புக்கூடும் கிடைத்தது. சீமைக்குத் திரும்பிப்போன ஒரு துரையின் பங்களாச் சாமான்கள் லேலோங்கில், அதாவது ஏலத்தில், விலை போயின. பியானோ, கண்ணாடி அலமாரி எல்லாம் போன பிறகு மூலையில் ஒரு மரப்பெட்டி மிஞ்சியது. உள்ளே வைக்கோலுக்கு நடுவே எலும்புகள் இருந்தன. தலை மட்டும் இல்லை. அதை வேறொரு துரை மேசையில் வைத்துக்கொள்ள எடுத்துப் போய்விட்டாராம். தாங்குவதற்கும் நடப்பதற்கும் தலை எதற்கு என்று ஜெயராஜ் பெட்டியை வாங்கிவிட்டான். சபைக் கமிட்டியும் ஆட்சேபிக்கவில்லை. தலை இல்லாமல் காரியம் நடத்துவதில் அந்தக் கமிட்டிக்கு நல்ல அனுபவம் இருந்தது.

பத்து நாள், ஓர் ஆங்கிலப் புத்தகத்தைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, எலும்பு எலும்பாகச் செம்புக் கம்பியால் கட்டினான். ஓர் இரும்புக் கம்பியை நட்டு அதில் நிற்க வைத்தான். கட்டி முடித்த அன்று கமிட்டி பார்க்க வந்தது. தலைவர் பழனியப்பன், வெல்ட் கீ துறைமுகத்தில் கப்பல் சரக்கு ஏற்றி இறக்கும் கான்ட்ராக்டர், கூட்டைச் சுற்றி ஒரு தடவை நடந்தார்.

“எந்த ஊரு இது?” என்றார்.

ஜெயராஜ் திகைத்தான். “தெரியலீங்க. லேலோங்கில எடுத்தது.”

“ஊரு தெரியாம மேடையில ஏத்துறதா? நாளைக்கு நாலு பேர் கேட்டா என்னா சொல்லுவே?”

பொருளாளர் முகம்மது சுல்தான் நாகப்பட்டினத்துக்காரர். எலும்பின் வாகைப் பார்த்தால் தங்கள் கரை ஆள் மாதிரி இருக்கிறது, அப்படியானால் மரியாதையாக அடக்கம் செய்துவிட வேண்டும் என்றார். இன்னொருவர் ராமநாதபுரம் என்றார். வாதம் ஒரு மணி நேரம் நடந்தது. பழனியப்பன் கூட்டின் கையை எடுத்து நீட்டிப் பார்த்தார். அது முழங்காலையும் தாண்டி இறங்கியது.

“பாத்தீங்களா? ஆஜானுபாகு. எங்க கீழநெடுங்குடி ஆளுங்களுக்குத்தான் இப்படிக் கை இருக்கும். எங்க சித்தப்பாவுக்கு இருந்துச்சு. முப்பது வருசத்துக்கு முந்திக் கப்பலேறினவரு, கடுதாசி கூடப் போடல. எங்க ஆளுங்க போகாத சீமை கிடையாது லா.”

சபை மண்டபத்தின் வாடகையும் விளக்குச் செலவும் பழனியப்பனுடையவை. ஆகவே எலும்புக்கூடு கீழநெடுங்குடிதான் என்று ஏகமனதாகத் தீர்மானம் நிறைவேறியது. மறுநாளே அதற்கு ஒரு ரோஜா மாலை வந்து சேர்ந்தது.

பிரசங்கத்தன்று பிற்பகல், மாடிப்படிக்குக் கீழே சூப்புக்கடை வைத்திருந்த ஹனீபா, ஜெயராஜுக்கு ஒரு கோப்பை ஆட்டுக்கால் சூப்பு கொண்டுவந்தார். இருபத்தைந்து வருஷமாகத் தினமும் ஆடுகளை மூட்டு மூட்டாகப் பிரித்த மனிதர். கூட்டைப் பார்த்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு மாலையை விலக்கினார்.

“தம்பி, இதை யாரு மனுசன்னு சொன்னது?”

“ஏண்ணே?”

“இடுப்பைப் பாரு. நிமிந்து நடக்குற உசிருக்குக் குடலு, வயிறு எல்லாப் பாரமும் கீழ எறங்கும். அதை ஏந்த இடுப்பெலும்பு சட்டி மாதிரி அகலமா வேணும். உன் புத்தகத்துப் படத்துலயும் அப்படித்தானே இருக்கு? இது ஒசந்த பலகையாட்டம்ல நிக்குது, நம்ம ஆட்டுக்கு இருக்குற மாதிரி.”

ஜெயராஜ் புத்தகத்தைப் புரட்டினான். படத்தில் முதுகெலும்பு கழுத்தில் உள்வாங்கி, முதுகில் வெளியே வந்து, இடுப்பில் மறுபடி உள்ளே வளைந்திருந்தது. அவன் கட்டி வைத்ததிலோ ஒரே வளைவு. கம்பி சரியாக முறுக்கவில்லை என்று பத்து நாளாகத் தன்னையே திட்டிக்கொண்டிருந்தான்.

“கால் பெருவிரலைப் பாரு,” என்றார் ஹனீபா. “மத்த விரலோட சேராமத் தனியா நிக்குது. இது தரையில ஊன்றுற காலு இல்ல, கெளையைப் புடிக்கிற காலு. ஓராங் ஊத்தான், தம்பி. சாட்சாத் ஓராங் ஊத்தான்.”

ஜெயராஜ் உட்கார்ந்துவிட்டான். சொன்னால், தலைவரின் கீழநெடுங்குடி காட்டுக் குரங்கின் ஊராகிவிடும். சபையில் அவனுக்கு அன்றோடு இடமில்லை. சொல்லாவிட்டால், டாக்டருக்குக் கண் இருக்கிறது.

“யாருகிட்டேயும் சொல்லிடாதீங்கண்ணே.”

“நான் சூப்பு விக்கிறவன், எனக்கு என்னா? சூப்பைக் குடி, ஆறிடும்.” ஹனீபா போய்விட்டார்.

மாலை ஆறு மணிக்கு மண்டபம் நிரம்பிவிட்டது. வெல்ட் கீயிலிருந்து மூட்டை தூக்கும் ஆட்கள் கூட வந்து சுவரோரம் நின்றார்கள். முன்வரிசையில் பழனியப்பன், பக்கத்தில் டாக்டர். ஜெயராஜ் ஒரு முடிவுக்கு வந்திருந்தான்: எலும்பைப் பற்றிப் பேசுவது, யாருடைய எலும்பு என்று மட்டும் சொல்லாமல் விடுவது.

நன்றாகத்தான் பேசினான், அதை ஒப்புக்கொள்ள வேண்டும். எலும்பு இல்லாவிட்டால் நாமெல்லாம் பிசைந்து வைத்த ரொட்டி மாவுதான் என்றான். எலும்பு தானாக அசையாது, தசை இழுக்கிறது, மூட்டு திரும்புகிறது, எலும்பு நெம்புகோலாகி வேலையை முடிக்கிறது என்றான். முழங்கால் கதவுக்கீல் போல ஒரு பக்கம்தான் மடங்கும், தோளோ எல்லாப் பக்கமும் சுழலும் என்று செய்து காட்டினான். தோளில் ஏறிய அரிசி மூட்டையின் பாரம் முதுகெலும்பு வழியாக இடுப்புக்கு வந்து, அங்கே இரண்டாகப் பிரிந்து, தொடை, முழங்கால், குதிகால் என்று தரைக்குப் போய்ச் சேர்கிற கதையைச் சொன்னபோது, சுவரோரம் நின்றவர்கள் தங்கள் இடுப்பைத் தடவிப் பார்த்துக்கொண்டார்கள். இடுப்பும் பாதமும் வந்த இடங்களில் மட்டும் அவன் கூட்டை விட்டுவிட்டுத் தன் உடம்பையே தொட்டுக் காட்டினான். அது புது மாதிரிப் பிரசங்கம் என்று ஜனங்கள் ரசித்தார்கள்.

கைதட்டல் ஓய்ந்ததும் டாக்டர் மேடை ஏறினார். கூட்டின் கையைத் தூக்கினார், பாதத்தைக் குனிந்து பார்த்தார், மாலையைப் பார்த்தார். அவர் மீசை லேசாகத் துடித்தது. ஜெயராஜின் காதருகே குனிந்து ஆங்கிலத்தில் கேட்டார்.

“இது போர்னியோ ஓராங் ஊத்தான். உனக்குத் தெரியுமா?”

“தெரியும், சார். இன்றைக்குத்தான் தெரிந்தது.”

“நீ பேசியதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் புரியவில்லை. ஆனால் புரிய வேண்டியவர்களுக்குப் புரிந்ததைப் பார்த்தேன். தப்பு யாருக்கும் வரும். அதைச் சொல்லித் திருத்துகிற ஆள்தான் எனக்கு வேண்டும். இவர்களிடம் சொல், வேலை உனக்கு.”

பதினாறு வருஷத்து முக்காலிக்கும் அவனுக்கும் நடுவே ஒரே ஒரு வாக்கியம் நின்றது. ஜெயராஜ் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினான். முன்வரிசையில் பழனியப்பன் கண் மின்ன எழுந்தார்.

“டாக்டர் துவான் என்னா சொல்றாரு? எந்த ஊராம்?”

பாதியாவது உண்மை சொல்லிவிடலாம் என்று நினைத்தான். பாதி சொல்கிறவனின் துணிச்சல் அவ்வளவுதான்.

“துவான் சொல்றாரு... இவரு போர்னியோவுல இருந்தவராம்.”

பழனியப்பன் மேடை ஏறினார். அந்த நீண்ட கைகளை இரண்டையும் எடுத்துத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

“சித்தப்பா,” என்றார். “அந்தக் கையைப் பாத்தப்பவே என் மனசு சொல்லுச்சு.”

பெரிய மனிதர் குலுங்கிக் குலுங்கி அழுதார். அழுகை உண்மையானது, அதுதான் கொடுமை. கூட்டம் மொத்தமும் எழுந்து நின்றது.

“அவர் ஏன் அழுகிறார்?” என்று டாக்டர் கேட்டார்.

“அது அவருடைய சித்தப்பாவாம், சார்.”

டாக்டர் தொப்பியால் முகத்தை மூடிக்கொண்டார். கொஞ்ச நேரம் தோள் குலுங்கியது. தொப்பியை எடுத்தபோது சிரிப்பு போயிருந்தது.

“நீ சொன்னதில் ஓராங் ஊத்தான் என்ற வார்த்தை என் காதில் விழவில்லை. இந்த ஊரில் எந்தப் பாஷை பேசினாலும் அதற்கு அதே வார்த்தைதானே?” என்று கேட்டுவிட்டுப் படியிறங்கிப் போனார்.

பின்னாலேயே ஓட வேண்டும் என்று ஜெயராஜுக்கு இருந்தது. ஆனால் பழனியப்பன் அவன் தோளைக் கட்டிக்கொண்டு விடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை பாடை கட்டினார்கள். இல்லாத தலைக்கு ஒரு தேங்காய் வைத்துப் பட்டுப் போர்த்தினார்கள். மேளம் முன்னே போயிற்று. சித்தப்பாவை மீட்டுக் கொடுத்தவன் என்ற மரியாதைக்காக, முன்பக்கத் தோள் கொடுக்கும் பாக்கியம் ஜெயராஜுக்கு அளிக்கப்பட்டது. எலும்பு கனமில்லை, மாலைகள்தான் கனம். பாரம் தோளிலிருந்து முதுகுக்கும், முதுகிலிருந்து இடுப்புக்கும், அங்கிருந்து குதிகாலுக்கும் இறங்குவதை, தான் சொன்ன வரிசை தப்பாமல் அவன் உணர்ந்துகொண்டே நடந்தான். மறுநாள் காலை முக்காலி காத்திருக்கும் என்பதும் நினைவில் இருந்தது.

ஊர்வலம் சூப்புக்கடையைக் கடந்தபோது ஹனீபா பானையை மூடிவிட்டுத் தெருவுக்கு வந்தார். நாலு எட்டு கூடவே நடந்தார்.

“என்னா தம்பி, கடைசியில எந்த ஊருன்னு முடிவாச்சா?”

ஜெயராஜ் மூங்கிலைத் தோளில் கொஞ்சம் நகர்த்தி வைத்துக்கொண்டான்.

“நம்ம ஊருதாண்ணே,” என்றான்.