றோஸ்மேரிக்குத் தெரியாமல் பாரிஸ்

1

இந்தக் கதை ஒரு கட்டுரையாகத்தான் பிறந்தது. ஐரோப்பாவுக்குக் கோடையில் போகாதீர்கள், குளிர் தொடங்கிய பிறகு போங்கள் என்று ரொறன்ரோத் தமிழருக்குச் சொல்லும் பயணக் கட்டுரை. விமானச் சீட்டு மலிவு, அருங்காட்சியக வாசலில் வரிசை இல்லை, வெயிலில் மயங்கி விழத் தேவையில்லை. இவ்வளவையும் முதல் பந்தியிலேயே சொல்லிவிட்டேன். இரண்டாம் பந்திக்குச் சொல்ல ஒன்றும் மிஞ்சவில்லை.

அப்படிப் போய்வந்தவர் யாராவது அகப்படுவார்களா என்று விசாரித்துக்கொண்டிருந்தபோது, ரொறன்ரோவுக்குப் பக்கத்தில் விட்பியில் ஒரு பிறந்தநாள் மண்டபத்தில், சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்தார். போன நவம்பரில் தான் பாரிசுக்குப் போனதாகச் சொன்னார். சொல்லும்போது குரலைத் தாழ்த்தினார். பாரிசுக்குப் போனதைத் தாழ்ந்த குரலில் சொன்ன ஒருவரை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். கட்டுரை அந்த இடத்திலேயே படுத்துவிட்டது.

அவரை வேரோனிக்கா என்று வைத்துக்கொள்வோம். ("என்ர பேர் என்னவெண்டாலும் போடுங்கோ. அக்காவுக்கு மட்டும் வடிவான பேராப் போடுங்கோ" என்றார். றோஸ்மேரி என்று போட்டிருக்கிறேன். கதைக்குள் வந்ததும் இருவரும் 'அவள்' ஆகிவிடுவார்கள். மரியாதைக் குறைவல்ல, நெருக்கம்.)

2

தொடக்கம், முதல் முயற்சி: 'பாரிஸ் நகரின் மேல் மெல்லிய மழை பெய்துகொண்டிருந்தது.' எந்த நகரத்தின் மேலும் பெய்யக்கூடிய மழை. வேண்டாம்.

இரண்டாம் முயற்சி: 'வேரோனிக்கா பல தடவை பாரிசுக்குப் போயிருக்கிறாள், பாரிசை ஒரு தடவையும் பார்த்ததில்லை.' இது உண்மை. இதிலிருந்தே போகலாம்.

ரொறன்ரோவின் ஓரத்தில், மல்வேர்னில் இருக்கிறாள். முதியோர் இல்லமொன்றில் வேலை. அக்கா றோஸ்மேரி பாரிசுக்கு வெளியே, லா கூர்னேவில், மூன்றாம் மாடியில். கோடையில் ஒரு கலியாணம், இல்லாவிட்டால் தேவாலயத்தில் யாராவது பிள்ளையின் முதல் நன்மை, ஏதோ ஒன்று வந்துவிடும். வேரோனிக்கா பாரிசில் கண்டவை விமான நிலையம், அக்காவின் குசினி, மண்டபங்கள், தமிழ்க் கடைத்தெருவான லா ஷப்பலில் சாறிக் கடைகள். ஈபிள் கோபுரத்தையும் கண்டிருக்கிறாள். ஓடும் வான் வண்டிக்குள்ளிருந்து, யாரோ ஒருவருடைய தலைக்கு மேலால்.

றோஸ்மேரியின் சின்ன வீட்டில் லண்டன்காரர், சுவிஸ்காரர், கனடாக்காரர் எல்லோரும் நிலத்தில் வரிசையாகப் படுப்பார்கள். அக்காவும் தங்கையும் பேசியதெல்லாம் வெங்காயம் உரித்தபடி பேசியவை. அதற்குள்ளும் யாராவது துவாய் கேட்டு வந்து நிற்பார்கள்.

போன வருடம் வேலையிடத்தில் யூலையில் லீவு கிடைக்கவில்லை. நவம்பரில் எடுக்கச் சொன்னார்கள். கணவர் அருள்நாயகம்தான் முதலில் வாயைத் திறந்தார்: "பாரிசுக்கே போவம். ஒருத்தருக்கும் சொல்லாமல்."

3

உறவுக்காரர் இருக்கும் ஊரில் ஹொட்டேலில் தங்குவது எங்களில் பலருக்குச் சின்ன விஷயமல்ல. 'உன் வீட்டுச் சோறு எனக்கு வேண்டாம்' என்று முகத்துக்கு நேரே சொல்வதும் அதுவும் ஒன்றுதான். (இதை அடிக்குறிப்பாகப் போடலாமென்று இருந்தேன். அடிக்குறிப்பை யாரும் படிப்பதில்லை. இது தெரியாவிட்டால் மேலே போக முடியாது.)

ஒன்றுவிட்ட தம்பி றொய்சன் லண்டனிலிருந்து வந்து ஒருமுறை ஹொட்டேலில் தங்கினான். றோஸ்மேரி அதை முகநூலில் கண்டாள். அதன்பிறகு அவன் வீட்டு நன்மை தின்மை எதற்கும் அவள் போனதில்லை. அவனுடைய தாயின் செத்தவீட்டுக்கும் போகவில்லை.

தாய் தகப்பன் போனபின் வேரோனிக்காவுக்கு மிஞ்சியிருப்பது இந்த ஒரு அக்கா. பிடிபட்டால் எது போகும் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே போனாள். ஏன் என்று கேட்டேன்.

"களைச்சுப்போனன்," என்றாள்.

இதைவிட நல்ல காரணத்தை என்னால் கற்பனை செய்ய முடியவில்லை.

4

ஆற்றுக்குத் தெற்கே அறை எடுத்தார்கள். தமிழ்க் கடைகள் உள்ள பக்கம் தலைவைத்தும் படுக்கவில்லை. அருள்நாயகம் மெத்ரோவில் தொப்பியைப் புருவம்வரை இழுத்துவிட்டுக்கொண்டு இருந்தார். அதனாலேயே எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள்.

அருங்காட்சியகத்தில் வேரோனிக்கா ஒரு படத்துக்கு முன்னால் கிடந்த நீள வாங்கில் அமர்ந்திருந்தாள். கால்வலி தீரும்வரை இருந்தாள். பின்னாலிருந்து யாரும் தள்ளவில்லை. என்ன படம் என்று கேட்டேன். படம் நினைவில்லையாம், வாங்கு நினைவிருக்கிறதாம்.

ஞாயிறு பின்னேரம் பாரிசிலேயே உள்ள லக்ஸம்பேர்க் தோட்டத்துக்குப் போனார்கள். குளத்தைச் சுற்றிப் பச்சை இரும்புக் கதிரைகள், பெரும்பாலும் வெறுமையாக. ஒன்றில் இருந்துகொண்டு இன்னொன்றில் காலைத் தூக்கிப் போட்டாள். மரங்களில் எஞ்சியிருந்த இலைகள் அவளுடைய மனத்தைப் போல — (இந்த வாக்கியத்தை இதோடு விடுகிறேன். இலைகளுக்கு இந்தக் கதையில் வேலையில்லை.) யாரும் எதுவும் கேட்டு வரவில்லை. அதுதான் விஷயம்.

அருள்நாயகம் கோப்பி வாங்கப் போயிருந்தார். தோட்டத்தைப் பூட்டும் நேரமென்று காவலர்கள் விசில் ஊதத் தொடங்கினார்கள். அந்த நேரம் பார்த்துக் கைபேசி அடித்தது. றோஸ்மேரி. ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த நேரத்தில்தான் அழைப்பாள். மல்வேர்னில் அப்போது காலை பத்தரை. எடுக்காவிட்டால் சந்தேகப்படுவாளென்று வேரோனிக்கா எடுத்தாள்.

"பிறகு கதைக்கிறன் அக்கா. இஞ்ச இருண்டிட்டுது, பூட்டப் போறாங்கள்."

"காலமை பத்தரைக்கு," என்றாள் றோஸ்மேரி நிதானமாக, "உங்க என்னடி இருட்டு?"

5

முடிவு, முதல் வரைவு. றோஸ்மேரி தொடர்பைத் துண்டிக்கிறாள். வேரோனிக்கா மழையில் நிற்கிறாள். ஒரு பக்கம் எழுதினேன், சோகமாக நன்றாகவே வந்தது. பிறகுதான் உறைத்தது, நான் றோஸ்மேரியைக் கண்டதேயில்லை. ரொறன்ரோவிலிருந்துகொண்டு லா கூர்னேவில் இருக்கும் ஒருத்திக்குக் கோபத்தை எழுதிக் கொடுப்பது சுலபம். அவளுடைய குசினிக்குள் போய் நிற்பதுதான் கஷ்டம்.

இரண்டாம் வரைவில், பக்கத்துக் கதிரையில் கறுப்புக் கண்ணாடியோடு இருப்பவளே றோஸ்மேரி. அவளும் ஒளித்து வந்திருக்கிறாள். நீங்கள் சிரிப்பீர்கள், நம்பமாட்டீர்கள்.

வேரோனிக்காவுக்குத் தொலைபேசி எடுத்து, நடந்ததைக் கேட்டேன்.

6

உள்ளதை எல்லாம் சொல்லிவிட்டாளாம். வந்து நாலு நாள், ஹொட்டேலில் நிற்கிறோம், சொல்லாமல் போகத்தான் இருந்தோம். முடிந்ததும் றோஸ்மேரி ஒரேயொரு கேள்வி கேட்டாள்.

"இப்ப வீட்டை வரப்போறியளோ?"

அந்தக் குரலில் கோபமில்லை. பயம் இருந்தது. வேரோனிக்காவுக்கு அந்தப் பயம் தெரியும். மல்வேர்னில் ஆட்கள் நிறைந்த கார் வாசலில் வந்து நிற்கும்போது, சிரித்துக்கொண்டே கதவைத் திறக்கப் போகும் தன்னுடைய பயம்தான் அது.

"இல்லை அக்கா," என்றாள்.

ஒரு நீண்ட மூச்சு கேட்டது.

"நல்லதாப் போச்சு. பிரிஜ்ஜுக்குள்ள ஒரு முட்டைகூட இல்லை. நான் இன்னும் தலை சீவி இழுக்கேல்லை. நீ அங்கயே நில், நான் வாறன்."

தோட்ட வாசலுக்கு எதிரே இருந்த கோப்பிக் கடைக்கு றோஸ்மேரி வந்தாள். மழைச் சட்டை, ஈரத் தலை, வெறுங்கை. வேரோனிக்கா பார்த்துக்கொண்டே இருந்தாள். அக்காவை இதற்கு முன் வெறுங்கையோடு கண்டதில்லை. ஏதாவதொரு சட்டியோ தட்டமோ இருக்கும். அருள்நாயகம் எழுந்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினார். முதலில் அந்தத் தொப்பியைக் கழற்றும்படியும், பார்க்கக் கள்ளன் மாதிரி இருப்பதாகவும் றோஸ்மேரி சொன்னாள். அவர் கழற்றி வைத்துவிட்டு, கொஞ்சம் நடந்துவிட்டு வருவதாகப் போய்விட்டார்.

வேரோனிக்காவுக்குக் கேளாமல் இருக்க முடியவில்லை. "றொய்சனோட கோவம், என்னோட இல்லையோ?"

"அவன் ஓகஸ்டில வந்தவன்," என்றாள் றோஸ்மேரி. "நான் நண்டு வாங்கிச் சமைச்சுவைச்சுக்கொண்டு பாத்திருந்தனான். நீ, நான் சமைக்க முதலே பிடிபட்டிட்டாய்."

பிறகு தெருவைக் காட்டினாள். அந்த மூலைக் கட்டடத்தில் பல வருடம் துப்புரவு வேலை செய்திருக்கிறாள். கோப்பிக் கடையைத் தாண்டித்தான் நடப்பாளாம். உள்ளே வந்து இருந்தது இதுதான் முதல் தடவை.

7

இதற்குப் பிறகு இருவரும் என்ன கதைத்தார்கள் என்று வேரோனிக்கா சொல்லவில்லை. "அது எங்கட கதை," என்றுவிட்டாள். நானாக எழுதிப் பார்த்தேன். வாயைத் திறந்தவுடன் இருவரும் என்னைப் போலப் பேசினார்கள். அழித்துவிட்டேன்.

வரும் கோடையில் றோஸ்மேரியின் மகனுக்குக் கலியாணம். வேரோனிக்கா போவாள், வெங்காயம் உரிப்பாள், நிலத்தில் படுப்பாள். நவம்பரைப் பற்றி இருவரும் யாருக்கும் மூச்சுக் காட்டமாட்டார்கள். அதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் கதையை அங்கே கொண்டுபோக மனம் வரவில்லை.

ஓகஸ்டாக இருந்தால் பரிசாரகர் இதற்குள் பில்லைக் கொண்டுவந்து வைத்து, மேசையையும் இரண்டு தடவை துடைத்திருப்பார். இப்போது கதவோரம் நின்று மழையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார். அந்த மேசை வேறு யாருக்கும் வேண்டியதில்லை. கோப்பி ஆறிவிட்டது. றோஸ்மேரி ஏதோ சொல்கிறாள்; வேரோனிக்கா முழுவதையும் கேட்டுக்கொண்டிருக்கிறாள், நடுவில் யாரும் வரவில்லை.

அவர்களை எழுப்பி வீட்டுக்கு அனுப்பும் ஒரு வாக்கியம் இந்த இடத்தில் வரவேண்டும். நான் எழுதப்போவதில்லை. உங்களுக்கு மனம் வந்தால் எழுதுங்கள்.