பின்மூடியில் ராக்காயி

கண்காட்சி திறக்க இன்னும் கால் மணி நேரம்தான். ஏப்ரல் சீசனுக்காக நுவரெலியா ஹோட்டல் மண்டபம் முழுக்கப் பழைய கைக்கடிகாரங்கள். நடுக் கண்ணாடிப் பெட்டி மட்டும் காலி. அதில் இருக்க வேண்டியது பிரேமினியின் கைக்குட்டைக்குள் இருந்தது.

தகடு போல மெலிந்த தங்கக் கடிகாரம். விருந்துக்குப் போகிறவர்கள் சட்டைக் கைக்குள் அடங்கக் கட்டிக்கொள்வதற்கென்று அறுபது வருடங்களுக்கு முன் சுவிட்சர்லாந்தில் செய்தது. அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்து லயத்தில் பிறந்து ஹட்டன் மருந்துக் கடையில் வேலை பார்க்கும் பிரேமினியிடம் பழைய கடிகாரங்கள் நாலு இருந்தன. இந்த ஒன்றுக்காகத்தான் கல்யாணச் சங்கிலியைக் கடிகாரக் கடை ராசிக் நானாவிடம் கழற்றிக் கொடுத்தாள். அம்மா இன்னும் அவளோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

கண்காட்சி நடத்தும் கொழும்பு வியாபாரி ஷிஹாப் கடிகாரத்தைக் காதருகே வைத்துக் கண்ணை மூடினார். "நாட்டிலயே இது ஒண்ணுதான்," என்றார். பிறகு திருப்பிப் பார்த்தார்.

பின்மூடியில் புள்ளி புள்ளியாக உளி இறங்கியிருந்தது: ராக்காயி.

"யா அல்லாஹ்! குடத்துல பேர் வெட்டுற மாதிரி வெட்டியிருக்கே!"

"குடத்துல வெட்டுறவருதான் வெட்டியிருப்பாரு. லயத்துல பன்னெண்டு வீட்டுக்கு ஒரு தண்ணிப் பீலி. பேர் இல்லாத சாமான் வீடு திரும்பாதுங்க," என்றாள் பிரேமினி.

கூட வந்திருந்த ராசிக் குறுக்கே புகுந்தார். "ராக்காயிங்கிறது தோட்டத்துப் பங்களா ஆயாம்மா. வெள்ளைக்காரத் துரைசாணி சீமைக்குப் போறப்போ குடுத்ததாம். களவெடுத்ததுன்னு யாரும் சொல்லிறக் கூடாதுன்னு வெட்டிக்கிட்டாங்க. எனக்கு வித்த அவங்க பேரன் சொன்னாரு."

"அதெல்லாம் இருக்கட்டும். பக்கத்து ரூம்ல மெருகு போடுற ஆள் இருக்காரு. பத்தே நிமிஷத்துல அழிஞ்சிரும். அப்புறம் நடுப்பெட்டி உங்களுக்குத்தான், தங்கச்சி."

மூன்று வருடமாக இதே மண்டபத்தில், டிக்கெட் வாங்கி, கயிற்றுக்கு வெளியே நின்று அந்தப் பெட்டியைப் பார்த்தவள் பிரேமினி.

"வேணாம்," என்றாள்.

"இதோட எப்படி வைக்கிறது? பெரிய மனுசங்க வர்ற எடம்."

"அப்ப நான் கொண்டுபோறேங்க. வாசல்ல இருக்கிற படத்தையும் பிச்சிருங்க."

வாசலில் ஆள் உயரத்துக்கு அச்சாகியிருந்தது அவளுடைய கடிகாரத்தின் முகம்தான். ஷிஹாப் அதைப் பார்த்தார். வெளியே வரிசை நீண்டுகொண்டிருந்தது.

"சரி, வைங்க," என்று சாவியை நீட்டினார். "பின்பக்கத்த யார் பாக்கப்போறா?"

பிரேமினி பெட்டியைத் திறந்தாள். வெல்வெட் மேல் கடிகாரத்தைக் குப்புறக் கவிழ்த்தாள். பூட்டிச் சாவியைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டாள்.

"ஏய், என்ன இது!" என்று ஷிஹாப் ஓடி வருவதற்குள் கதவு திறந்துவிட்டது.

கோட்டுப் போட்ட பெரியவர் ஒருவர் நேரே நடுப்பெட்டிக்கு வந்து குனிந்தார். எழுத்துக் கூட்டிப் படித்தார். "ராக்காயி... இது செஞ்ச கம்பெனியா?"

"கம்பெனி பேரு அந்தப் பக்கம் இருக்குங்க. இது சொந்தக்காரி பேரு," என்றாள் பிரேமினி.

பெரியவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு மறுபடி குனிந்தார். அவர் பின்னால் ஆட்கள் சேர்ந்தார்கள். ஷிஹாப் வேறு வழியில்லாமல் சிரித்துக்கொண்டு நின்றார்.

பிரேமினி ராசிக்கின் பக்கம் திரும்பினாள். "நானா, ஹட்டன்ல பேர் வெட்டுறவங்க யாராச்சும் இருக்காங்களா?"

"எதுக்கு?"

"ராக்காயிக்குக் கீழ எடம் இருக்கு."

ராசிக் தலையில் கை வைத்தார். "புள்ள, உனக்கென்ன பைத்தியமா?"

"என் பேரும் நாலெழுத்துதானே நானா."