பதில் சொல்லாத தபன் பாபு

இரண்டு நாற்பதுக்குப் புல்வெளியில் மூடுபனி இறங்கியது. ஐந்து நிமிடம் கழித்து மலையேற வந்த பயணிகளை எண்ணினேன், ஐந்து பேரில் நான்கு பேர். என் எண்ணிக்கையை நானே நம்புவதில்லை. ஒவ்வொருவர் தோளையும் தொட்டு மறுபடி எண்ணினேன். நான்குதான். பூக்களைப் படமெடுத்துக்கொண்டே பின்தங்கும் கல்கத்தாக்காரர் தபன் பாபுவைக் காணோம். கடைசியில் வருபவரைப் பார்த்துக்கொள்வதுதான் என் வேலை.

மேற்கே ஓரிடத்தில் புல் முடிந்து, நேராகப் பள்ளம். அந்த வெள்ளையில் அது எத்தனை அடி தூரம் என்று தெரியவில்லை.

விசிலை வாயில் வைத்தேன். கோவேறு கழுதை ஓட்டும் தர்வான் அண்ணன் என் கையைத் தட்டிவிட்டார்.

"ஏய் பினீதா, கிறுக்குப் பிடிச்சிருக்கா? இங்க விசிலடிச்சா ஆச்சரிங்க இறங்கி வந்துடுவாளுங்க. அவரோட உன்னையும் சேத்துத் தூக்கிட்டுப் போயிடுவாளுங்க."

"நீங்க காதைப் பொத்திக்கோங்கண்ணே."

"படிச்ச திமிரு!"

திமிரில்லை. ஆளைக் கொண்டுபோகும் அந்த மலைமோகினிகளிடம் எனக்கும் பயம்தான். விசிலடித்தேன். பதில் இல்லை. பெயர் சொல்லி ஏழு முறை கூப்பிட்டேன். நடுநடுவே மூச்சை அடக்கிக் கேட்டேன். ஒன்றுமில்லை.

அப்போதுதான் நினைவுக்கு வந்தது. காலையில் முகாமில் நான்தான் சொன்னேன்: "மேல யாராவது பேர் சொல்லிக் கூப்பிட்டா பதில் பேசாதீங்க. ஆச்சரிங்க நம்ம ஆளுங்க குரல்லயே கூப்பிடுவாளுங்க. முதுகைக் காட்டிட்டு நடந்துடுங்க." எங்கள் ஊரில் எல்லோரும் சொல்வதுதான். மற்றவர்கள் சிரித்தார்கள். தபன் பாபு மட்டும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நாங்கள் நின்றது கிழக்குப் பக்கம். ஏழு முறையும் அவரைப் பள்ளத்தை நோக்கித்தான் தள்ளியிருக்கிறேன்.

"அண்ணே, கழுதையத் திட்டுங்க."

"என்னது?"

"தினம் திட்டுவீங்கல்ல, அதே மாதிரி. ஆச்சரிங்களுக்கு அது வராது. நாமதான்னு அவருக்குப் புரியும்."

அவர் என்னைப் பார்த்தார், பனியைப் பார்த்தார். கழுதையின் கயிற்றை அவிழ்த்து என் இடுப்பில் கட்டி, மறுமுனையைத் தன் கையில் சுற்றிக்கொண்டார். பிறகு தொண்டை கிழியக் கத்தினார்.

"ஏ தடிமாடே! ஆத்தா குதிரைங்கற மப்பா? ஒங்கப்பன் யாருன்னு ஊருக்கே தெரியும்டா! நகருடா!"

பனிக்குள் யாரோ தும்மியதுபோல ஒரு சத்தம். சிரிப்பா? உறுதியாகத் தெரியவில்லை. அது வந்த பக்கம் குனிந்து, கையால் தரையைத் தடவித் தடவிப் போனேன். பின்னால் திட்டு நிற்கவே இல்லை.

முதலில் அவர் முதுகுப்பை தெரிந்தது. எனக்கு முதுகைக் காட்டி நின்றிருந்தார். முன்னால் நீட்டியிருந்த கைத்தடியின் முனை எதிலும் படவில்லை.

"பினீதாதானா?" திரும்பாமலே கேட்டார்.

பதில் சொன்னால் ஓர் அடி எடுத்துவைத்துவிடுவாரோ என்று வாயைத் திறக்கவில்லை. பையின் வாரை இரண்டு கைகளாலும் பற்றிக்கொண்டு பின்பக்கமாக விழுந்தேன். அவர் என்மேல் விழுந்தார்.