வாசலில் நிற்கும் வெண்கல மன்னர்

அரசர் விமானம் ஏறி நாட்டை விட்டுப் போன அன்று பிற்பகல், சங்காபாத் நாற்சந்தியில் இருந்த அவருடைய வெண்கலச் சிலை குதிரையை விட்டு இறங்கி, பனிச்சேற்றில் நடந்துபோய், சர்க்கரை வியாபாரி நுஸ்ரத்துல்லாவின் வீட்டுக் கதவைத் தட்டியது. அன்று ஊரில் மண்ணெண்ணெய் கிடைக்கவில்லை, வெங்காயம் கிடைத்தது. சிலையைச் சாய்க்கக் கயிறும் கடப்பாரையுமாக நாங்கள் போய்ச் சேர்ந்தபோது குதிரை மட்டும்தான் நின்றுகொண்டிருந்தது. அவ்வளவு தூரம் வந்துவிட்டு வெறுங்கையோடு திரும்ப முடியுமா? குதிரையைச் சாய்த்தோம். அது யாருக்கு என்ன கெடுதல் செய்தது என்று இன்றுவரை ஒருவருக்கும் தெரியாது. சிலையைத் திறந்த நாளில் அதே நாற்சந்தியில் வாழ்க என்று கத்தியவர்களும் நாங்கள்தான். ஒழிக என்பதற்கு வேறு தொண்டைக்கு எங்கே போவது?

எங்கள் ஊரில் கதவைத் தட்டியவர் கடன்காரராகவே இருந்தாலும், "வாங்க, இது உங்க வீடு, உங்க காலடி என் கண்ணுமேல" என்று சொல்லிவிடுவோம். வந்தவர் சிரமம் வேண்டாம் என்று மறுப்பார். மறுபடி அழைப்போம், மறுபடி மறுப்பார், பிறகு இருவரும் நிம்மதியாக அவரவர் வேலையைப் பார்ப்போம். நுஸ்ரத்துல்லாவும் கதவைத் திறந்தார். பயத்திலும் வாய் பழக்கத்தை விடவில்லை. இது உங்க வீடு என்றது. சிலையோ வார்த்த நாளிலிருந்து எதையும் மறுத்தறியாதது. நேராக உள்ளே வந்து, அடியில் கரி கனலும் கணப்பு மேசைமேல் விரித்திருந்த மெத்தைப் போர்வைக்குள் காலை நீட்டி உட்கார்ந்துகொண்டது.

"ஊரே கயித்தோட தேடுது, நீங்க விருந்துக்குக் கூப்பிட்டு வச்சிருக்கீங்க" என்றாள் அவர் மனைவி தூபா.

"சும்மா ஒரு பேச்சுக்குத்தானடி சொன்னேன்."

"அந்தப் பேச்சுதான் உங்க கழுத்துக்குச் சுருக்கு."

அவள் சொன்னது மிகையில்லை. அரசரின் எந்தப் பாகத்தை ஒளித்து வைத்தவரும் மாவு மில் சுவரோரம் நிறுத்திச் சுடப்படுவார் என்று புரட்சிக் குழு அறிவித்துவிட்டது. சிலையைப் போகச் சொல்லலாம்தான். ஆனால் விருந்தாளியைப் போகச் சொன்னவன் என்ற பெயரோடு எங்கள் ஊரில் உயிர்வாழ்வதைவிட அந்தச் சுவர் எவ்வளவோ மேல். போகாத விருந்தாளியின் காலணிக்குள் உப்புப் போட்டால் கிளம்பிவிடுவார் என்பது எங்கள் பெண்களின் நம்பிக்கை. சிலையின் பூட்ஸ் காலோடு சேர்த்து வார்த்தது. தூபா அதன் மேலேயே உப்பைக் கொட்டினாள். பூட்ஸ் பச்சை பிடித்ததே தவிர, சிலை அசையவில்லை. கடைசியில் அதற்கு உபசாரம் கற்றுக்கொடுப்பதென்று முடிவு செய்தாள்.

"டீ வேணுமான்னு கேட்டா வேண்டாம்னு சொல்லணும்."

"வேணுமே" என்றது சிலை.

"வேணும்னாலும் வேண்டாம்தான். இருங்கன்னு சொன்னா, இல்ல, கிளம்புறேன்னு சொல்லணும்."

"இத்தனை வருஷத்துல இதெல்லாம் யாரும் என்கிட்ட சொல்லலையேம்மா."

உண்மைதான். நாங்கள் அதனிடம் சொன்னதெல்லாம் எல்லாம் நன்றாக இருக்கிறது என்பது மட்டும்தான்.

குளிர்காலம் முடியும்போது எங்களில் ஒருவர் புரட்சிக் குழுவிடம் போய்ச் சொல்லிவிட்டார். யார் என்று கேட்காதீர்கள். எல்லோருமே தனித்தனியாகப் போயிருந்தோம். குழுத் தலைவன் ஹூஷங் துப்பாக்கியோடு வந்தான். முந்தின வருஷம் வரை சினிமாக் கொட்டகையில் டிக்கெட் கிழித்தவன். தாடி வளர்ந்திருந்ததால் நாங்கள் மரியாதை கொடுத்தோம். சிலை உலைக்கு, நுஸ்ரத்துல்லா சுவருக்கு என்று சொன்னான். தூபா கணவரின் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டு விம்மி அழுதாள். நுஸ்ரத்துல்லா நல்ல கோட்டாகப் பார்த்துப் போட்டுக்கொண்டு, "ஒரு டீ குடிச்சிட்டுப் போகலாமே தம்பி" என்றார். "வேண்டாம் அண்ணே, உங்களுக்கு எதுக்குச் சிரமம்" என்றான் ஹூஷங்.

வாசற்படிக்கு வந்தார்கள். ஹூஷங்கும் எங்கள் ஊர் வளர்ப்புதானே. துப்பாக்கி முனையைத் தாழ்த்திச் சிலையிடம், "நீங்க முதல்ல போங்க" என்றான். சிலை நெஞ்சில் கை வைத்து, தலை குனிந்து, "ஐயையோ, நீங்க இருக்கும்போது நானா? நீங்க முதல்ல" என்றது.

தூபா அழுகையை நிறுத்தினாள். வந்த நாளிலிருந்து சிலை ஒன்றை மறுத்தது அதுதான் முதல் தடவை.

ஹூஷங் தெருவைப் பார்த்தான். ஊர் முழுக்கக் கூடி நின்றோம். இப்போது அவன் முந்திக்கொண்டால், கொட்டகைக்காரன் புத்தி போகுமா என்று நாங்கள் பேசுவோம், பேசுவதற்குத்தான் வந்திருந்தோம். "முடியவே முடியாதுங்க, நீங்கதான் முதல்ல" என்றான். "உங்களுக்கு முன்னாடி போனா என் கால் விளங்காது" என்றது சிலை.

இன்னும் அங்கேயேதான் நிற்கிறார்கள். இடையில் ஒரு யுத்தம் வந்து போனது, ஹூஷங்கின் தாடி நரைத்தது, சிலை தோள்வரை பச்சை பிடித்தது. தலைநகரிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி படியேறும்போது "நீங்க முதல்ல" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டதால் அவரும் மூன்றாமவராக நிற்கிறார். நுஸ்ரத்துல்லாவின் தண்டனை ரத்தாகவில்லை. அவர் வாசலைத் தாண்டியதும் நிறைவேற்றப்படும் என்று உத்தரவில் இருக்கிறது. அதனால் ஏணி வைத்துப் பக்கத்து வீட்டு மாடி வழியாகக் கடைக்குப் போய் வருகிறார், சர்க்கரை விற்கிறார், தூபாவுக்குக் காலுறை வாங்கி வருகிறார். தினமும் காலையில் தூபா டீ கொண்டுவந்து வைத்துவிட்டு, ஒருகாலத்தில் உப்புப் போட்டு விரட்டப் பார்த்த அந்த விருந்தாளியின் காதருகே குனிந்து, "விட்டுக்கொடுத்துடாதீங்க, ராஜா" என்கிறாள். ஹூஷங் பக்கம் திரும்பி, "நீயும்தான் தம்பி" என்கிறாள். நாங்கள் அந்தத் தெருவில் போகும்போது வாசலைப் பார்த்துப் பொதுவாக ஒரு சலாம் வைப்போம். யாருக்கு என்று கேட்டால், குதிரைக்கு என்று சொல்லலாமென்று பேசி வைத்திருக்கிறோம்.