வாயைப் பொத்திய கை

பாலாடையை ஒச்சப்பனின் வாயருகே கொண்டுபோன பொன்னழகின் மணிக்கட்டை அவர் மகள் ஜக்கம்மாள் எட்டிப் பிடித்தாள். செம்மண் கரைத்த தண்ணீர் பாயில் சிந்தியது.

"விடுத்தா கைய. எங்கண்ணனுக்கு நல்லது செய்ய வந்தவ நானு."

"நல்லது வேணாம் அயித்தை. வாயில எது பட்டாலும் அய்யாவுக்கு எரியுது."

"ரெண்டு சொட்டுத்தான."

"நேத்து ஊத்துன துளசித் தண்ணியும் ரெண்டு சொட்டுத்தான். விடியுற மட்டும் துடிச்சாரு. நீங்க பாத்தீகளா?"

பொன்னழகு பார்க்கவில்லை. நேற்று ஊற்றிய கையோடு போய்ப் படுத்துவிட்டாள். தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால்தான் தெரியும் என்பார்கள். கன்னத்தில் புற்று வந்து வாய்க்குள் வெந்து கிடப்பவர் படும் பாட்டைச் சொல்ல அந்தப் பழமொழி எந்த மூலைக்குப் போதும்?

முப்பது வருஷம் புகையிலை அடக்கிய இடது கன்னம். மதுரை ஆஸ்பத்திரியில் கரண்டு வைத்துப் பார்த்துவிட்டு, இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். நிலக்கோட்டைக்குக் கிழக்கே மல்லிகைக் காட்டை ஒட்டிய அந்த வீடு அன்றிலிருந்து சத்திரமாகிப் போனது. வருகிறவர் ஒருவரும் வெறுங்கையோடு வரவில்லை. ஒருத்தி திருநீற்றைக் கரைத்து ஊற்றினாள். ஒருவர் கொடைரோட்டில் ரயில் இறங்கும்போதே காசித் தீர்த்தச் செம்பைக் கையில் வைத்திருந்தார். எல்லாம் புண்ணியம்தான். எல்லாம் அந்த வாய்க்குத்தான்.

போதாக்குறைக்கு அந்தக் கை வேறு. யாராவது பக்கத்தில் வந்து குனிந்தால் போதும், ஒச்சப்பனின் வலது கை மெல்லக் கிளம்பி, விரல்களைக் குவித்துக்கொண்டு வாய்க்குப் போகும்.

"பாருங்கப்பா, என்னமோ கேக்குறாரு," என்றார் அவருடைய தம்பி கண்ணுசாமி. கோடாங்கியைக் கூட்டிவந்து கேட்டார்கள். அவன் உடுக்கை அடித்து, "ஒரு ஆசை மிச்சம் நிக்கிது. அது தீராம இந்தக் கட்டை வேகாது," என்று சொல்லிவிட்டுப் போனான். அவனுக்கென்ன, சொல்லிவிட்டான். மண்ணாசையாக இருக்கும் என்று காட்டு மண்ணைக் கரைத்தார்கள். பொன்னாசையாக இருக்கும் என்று பொன்னழகு தன் தோட்டைக் கழற்றிப் பாலில் உரசி வைத்திருந்தாள்.

"அவரு ஒண்ணும் கேக்கல சின்னய்யா. ஊத்தாதேன்னு வாயப் பொத்துறாரு," என்றாள் ஜக்கம்மாள். எத்தனை பேரிடம் சொல்லியிருப்பாள்! செவிடன் காதில் ஊதிய சங்குதான்.

"நத்தத்துல வாக்கப்பட்டுப் போனவ நீ. இங்க பெரியவுக இருக்கோம்ல," என்றார் கண்ணுசாமி.

 நிம்மதியாகச் சாகவிடக் கூடாதா ஒரு மனுசனை? மல்லுக்கு நிற்கத் தெம்பில்லாமல் ஜக்கம்மாள் பஞ்சை எடுத்து இளநீரில் நனைத்தாள். புண் படாத வலது ஓரத்தில் உதட்டை மட்டும் ஈரமாக்கினாள். அவள் கைக்கு அவர் மறுப்புச் சொன்னதில்லை. பிறகு காதருகே குனிந்து, தினமும் சொல்வதைச் சொல்லத் தொடங்கினாள்.

வருஷம் தவறாமல் தைப்பூசத்துக்குப் பழனிக்கு நடந்தவர் ஒச்சப்பன். சிறு வயதில் அவளையும் தோளில் தூக்கிப் போயிருக்கிறார்.

"நிலக்கோட்டை தாண்டிட்டோம்யா. செம்பட்டியில கஞ்சி ஊத்துறாக. வெயிலு இறங்கட்டும், செத்த நேரம் இருந்துட்டுப் போவோம். இந்தா ஒட்டன்சத்திரம் வந்துருச்சு. விருப்பாச்சியில கால அலசுங்க."

விருப்பாச்சி வரும்போது அவர் மூச்சு சீராகிவிடும். வாயைக் காத்து நிற்கும் கை நெஞ்சின்மேல் இறங்கிவிடும். சத்திரப்பட்டி வந்தபோது கிண்ணத்தில் இளநீர் வற்றியிருந்தது. வாய்க்கால் ஓரத் தோப்புக்குப் போனால்தான் உண்டு.

"நான் வார வரைக்கும் யாரையும் ஊத்த விடாதீக சின்னய்யா."

"போயிட்டு வாத்தா. நான் இருக்கேன்ல."

"அய்யா, சத்திரப்பட்டியில உக்காந்திருங்க. வந்துர்றேன். அடுத்து ஆயக்குடி. அங்கிட்டு மலை தெரிஞ்சிரும்."

தோப்பில் மரம் ஏற ஆள் தேடி, காய் வெட்டி வாங்கிக்கொண்டு அவள் ஓட்டமும் நடையுமாகத் திரும்பியபோது, தெருமுனையிலேயே அழுகைச் சத்தம் கேட்டது.

உள்ளே ஒச்சப்பனின் தாடையிலிருந்து கழுத்துவரை பாலும் செம்மண்ணும் வழிந்திருந்தன. பாலாடை தலைமாட்டில் கிடந்தது. அவருடைய வலது கையைக் கண்ணுசாமி தன் இரண்டு கையாலும் இன்னும் அமுக்கிப் பிடித்திருந்தார்.

"குடிச்சாரு, ஒரு விக்கலு, அம்புட்டுத்தான்," என்று பொன்னழகு மாரில் அடித்துக்கொண்டாள். "ஆசை தீந்து போயிட்டாரு ஆத்தா. நான் சொன்னேன்ல."

ஜக்கம்மாளுக்கு அத்தனை பேரையும் வெளியே தள்ளிக் கதவைச் சாத்த வேண்டும் போலிருந்தது. ஆனால் பொன்னழகு அழுதது பொய்யழுகை இல்லை. தாயில்லாத அவளுக்குச் சோறூட்டி வளர்த்த அண்ணன் அவர். இவளைப் பிடித்து என்னத்தை உலுக்குவது? ஜக்கம்மாள் இளநீரைக் கீழே வைக்கவும் தோன்றாமல் நின்றாள். பிறகு முந்தானையை நனைத்து அவர் தாடையைத் துடைத்தாள்.

பொழுது சாயும்முன் எடுத்துவிட வேண்டும் என்றார்கள். சுடுகாட்டுக்குப் பொம்பளைகள் போவதில்லை, வாசலிலேயே வாய்க்கரிசி போட்டுவிட வேண்டும். வரிசையில் மகள் முதலில் நின்றாள், அடுத்துத் தங்கை. தாடையைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து வாயைத் திறந்து வைத்திருந்தார் கண்ணுசாமி.

ஜக்கம்மாள் கைப்பிடி அரிசியோடு சுற்றி வந்து தலைமாட்டில் நின்றாள். அந்த வாயைப் பார்த்தாள். பக்கவாட்டில் போய் உட்கார்ந்து, கைப் பெருவிரல்களைச் சேர்த்துக் கட்டியிருந்த துணியைத் தளர்த்தி, வலது கையைப் பிரித்தாள். உள்ளங்கையில் அரிசியை வைத்தாள். விரல்களை ஒவ்வொன்றாக மடக்கினாள்.

"வாயில போடணும்த்தா," என்றார் கண்ணுசாமி.

அவள் அவரைத் திரும்பிப் பார்க்கவில்லை. ஒச்சப்பனின் காதருகே குனிந்தாள்.

"ஆயக்குடி வந்துருச்சுய்யா."

அவள் எழுந்து விலகியதும் பொன்னழகு முன்னால் வந்தாள். திறந்திருந்த வாயைப் பார்த்தாள். மூடியிருந்த கையைப் பார்த்தாள். வரிசை பின்னால் காத்திருந்தது. அரிசி அவள் கையிலேயே இருந்தது.