படகில் பன்னிரண்டு பேர்

ஜெசிந்தா அழவில்லை. பட்டினப்பாக்கம் குப்பத்தில் பத்து மாதமாக இதுதான் பேச்சு. புருஷனைக் கடலுக்குக் கொடுத்தவள் மீன் மார்க்கெட்டில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, வஞ்சிரத்தைத் துண்டு போட்டபடி, "தலை வேணுமா வேணாமா?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறாளே, என்ன நெஞ்சழுத்தம்! சொல்கிறவர்களுக்கு என்ன, சொல்லிவிட்டுப் போவார்கள். போன வாரம் செதிலோடு சேர்த்துத் தன் கட்டைவிரலையும் சீவிவிட்டாள். மீன் வாங்க வந்த அம்மாள்தான் அலறினாள். ஜெசிந்தா பாத்திரத் தண்ணீரில் கையை நனைத்து, ஒரு துணியைச் சுற்றிக்கொண்டு, பாக்கி மீனையும் வெட்டிக் கொடுத்தாள். அவளுக்கு வலிக்கவே இல்லை. சோறு உப்பா, காரமா என்றும் தெரியவில்லை. இதையெல்லாம் யாரிடம் சொல்வது?

அந்தக் குப்பத்துப் பெண்களுக்கு ஒரு பழக்கம். படகு கரைக்கு வரும்போது முதலில் மீனைப் பார்க்க மாட்டார்கள். தலையை எண்ணுவார்கள். ஐந்து பேர் போனால் ஐந்து தலை. எண்ணி முடித்த பிறகுதான் "இன்னா பட்டுச்சு?" என்ற கேள்வி வரும். போன டிசம்பரில் காற்று திடீரென்று திசை மாறிய ஒரு காலையில், ஐந்து பேரோடு போய்க் கவிழ்ந்து நிமிர்த்தப்பட்ட ஜெசிந்தா வீட்டுப் படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்து வந்தது. ஜெசிந்தா கண்ணுக்கு மேல் கையை வைத்து எண்ணினாள். நாலு. தப்பாக எண்ணிவிட்டோம் என்று திரும்ப எண்ணினாள். கொழுந்தன் ஜான்சன் இருந்தான். முனியன் இருந்தான். மற்ற இரண்டு பேரும் இருந்தார்கள். அவள் புருஷன் மரியசெல்வம் இல்லை. வடக்கே எண்ணூர், தெற்கே கோவளம் என்று ஒரு வாரம் தேடினார்கள். உடம்பு எங்கேயும் ஒதுங்கவில்லை.

அன்று நின்ற எண்ணிக்கை அவளுக்குள் அப்படியே நின்றுவிட்டது. என்ன நடந்தது, எப்படி நடந்தது என்று ஜான்சனை அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

வீட்டில் சாயங்கால ஜெபமாலையை நடத்துவது மரியசெல்வம்தான். "அருள் நிறைந்த மரியே" என்று மந்திரத்தின் முதல் பாதியை அவர் சொல்வார். "தூய மரியே" என்று மறுபாதியை அவள் சொல்வாள். பசி நேரமென்றால் அவர் மெயில் வண்டி மாதிரி ஓட்டுவார், இவள் பின்னாலேயே மூச்சிரைக்க ஓடுவாள். இருபத்திரண்டு வருஷம் இப்படியே ஓடியாயிற்று. இப்போது முதல் பாதி சொல்ல ஆளில்லை. அதைத் தானே சொல்லிக்கொள்ளலாமே என்று அவளுக்குத் தோன்றவில்லை. அது அவருடைய பாதி.

மதியம் மார்க்கெட் முடிந்ததும் குப்பத்துச் சின்னக் கோயிலுக்குப் போய் உட்கார ஆரம்பித்தாள். பக்தி என்று நினைத்துவிடக் கூடாது. அங்கே அந்த நேரத்தில் யாரும் இருக்க மாட்டார்கள், யாரும் எதுவும் கேட்க மாட்டார்கள், அவ்வளவுதான். கையில் ஜெபமாலை இருக்கும். மணி நகரும், வாய் திறக்காது. எதிரே, இரண்டு ஜன்னல்களுக்கு நடுவே ஒரு பெரிய எண்ணெய் ஓவியம் தொங்கியது. எந்தக் காலத்திலோ யாரோ வரைந்து கொடுத்தது. மெழுகுவத்திப் புகையில் பாதி கறுத்துப் போயிருந்தது. கடல் கொந்தளிக்கிறது. பாய் கிழிந்து பறக்கிறது. சீடர்கள் கத்துகிறார்கள். ஆண்டவர் இயேசு படகின் பின்பக்கமாகத் தலையணை வைத்து அயர்ந்து தூங்குகிறார்.

பழக்க தோஷம், முதல் நாளே தலையை எண்ணினாள். பன்னிரண்டு. சீடர்கள் பன்னிரண்டு பேர், ஆண்டவர் ஒருவர். பதின்மூன்று வர வேண்டும். மறுநாள் எண்ணினாள். பன்னிரண்டு. பாய்க்குப் பின்னால் பார்த்தாள், அலைக்குள் பார்த்தாள். பன்னிரண்டுதான். அதைவிடப் பெரிய அநியாயம் ஒன்று பத்து நாள் கழித்து அவள் கண்ணில் பட்டது. இந்தக் காற்றில், இந்த அலையில், சுக்கானைப் பிடிக்க ஒருவர்கூட இல்லை! வரைந்தவன் கடலைக் கண்டிருக்கிறானா, இல்லை ரூமில் உட்கார்ந்தே வரைந்துவிட்டானா? அந்தப் பத்து மாதத்தில் அவளுக்கு வந்த ஒரே கோபம் அதுதான். அதுவும் லேசான கோபம். வெளியே வெயிலுக்கு வந்ததும் போய்விடும். ஆனாலும் தினம் அந்த ஒரு மணி நேரம், மணியை உருட்டிக்கொண்டு, படகில் இருக்கும் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நாளில் மிச்ச நேரத்தைத் தள்ளுவதற்கு அது தேவையாக இருந்தது.

அக்டோபர் கடைசியில் ஜான்சன் வாசலில் வந்து நின்றான். முப்பத்தைந்து வயதுக்காரன், ஐம்பது போல் ஆகியிருந்தான்.

"அண்ணி, கல்லறைத் திருநாள் வருது. செத்தவங்க பேர எல்லாம் ஃபாதர் பூசைல படிக்கப் போறாரு. அண்ணன் பேர கோயில் நோட்டுல எழுதிடலாம் அண்ணி."

"கல்லறையே இல்லாதவருக்கு இன்னா கல்லறைத் திருநாள்?"

"எனுக்கு தூக்கமே இல்ல அண்ணி. கண்ண மூடுனா தண்ணிதான் வருது. ஒரு பூசை வச்சா கொஞ்சம்..."

"நீ எழுதுனன்னு வையி, நோட்டயே கிழிச்சுடுவேன்."

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். அவன் போய்விட்டான். அவன் முகம் சுண்டிப்போனதை அவள் பார்த்தாள். பாவம் என்று மனசு சொல்லவில்லையே என்று கவனித்தாள், அவ்வளவுதான். எண்ணிக்கை முடியாத ஒருவர் பெயரைச் செத்தவர் பட்டியலில் எப்படி எழுதுவது? எழுதிவிட்டால் நாலுதான் கணக்கு என்று இவளே ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடாதா? எழுதாவிட்டால் மட்டும் அஞ்சாகிவிடுமா என்று இன்னொரு மனசு கேட்டது.

பெயர் கொடுக்கக் கடைசி நாளன்று கோயிலுக்குப் போனபோது படம் சுவரில் இல்லை. தரையில் பாயை விரித்து, படத்தைக் கவிழ்த்துப் போட்டு, மயிலாப்பூர் ஃபிரேம் கடைக் காதர் பாய் ஆணி பிடுங்கிக்கொண்டிருந்தார். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளை அமலதாஸ் பக்கத்தில் நின்று, வேலை தெரிந்தவருக்கு வேலை சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார்.

"கரையான் அரிச்சிடுச்சும்மா, சட்டத்த மாத்துறோம்" என்றார் அமலதாஸ்.

"மாத்துறது இருக்கட்டும், இந்தக் கூத்தப் பாரு" என்றார் காதர் பாய். "எவனோ பெரிய படத்த சின்ன சட்டத்துல அடச்சிகீறான். ஓரத்த மடிச்சி உள்ள தள்ளி ஆணி அடிச்சிகீறான்!"

மடிந்து கிடந்த துணியை உள்ளங்கையால் நீவி விரித்து, படத்தை மெதுவாகத் திருப்பி வைத்தார். வலது ஓரத்தில் ஒரு சாண் அகலத்துக்குப் புதிதாகப் படம் இருந்தது. புகை படாத பச்சைக் கடல். தூங்குகிற ஆண்டவருக்குப் பின்னால், நீலத் துணி கட்டிய ஒரு மனிதன் உடம்பு முழுவதையும் வளைத்துச் சுக்கானைப் பிடித்துக்கொண்டிருந்தான். அவன் மட்டும் கத்தவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அலையையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ஜெசிந்தா குனிந்து, காயம் பட்ட விரலால் ஒவ்வொரு தலையாகத் தொட்டு எண்ணினாள். பன்னிரண்டு. அப்புறம் அவன்.

"பதிமூணு" என்றாள்.

"இன்னாமா?" என்றார் காதர் பாய்.

அவர் அமலதாஸ் பக்கம் திரும்பினார். "இத வுட்டுட்டு அடிக்கணும்னா சட்டம் பெருசாவும். ரெண்டு ஜன்னலுக்கு நடுவுல ஒக்காராது. மறுபடி மடிக்கட்டுமா?"

ஃபாதரைக் கேட்க வேண்டுமே என்று அமலதாஸ் தலையைச் சொறிந்தார். ஜெசிந்தாதான் சொன்னாள்.

"மடிங்க பாய். அவரு அங்கதான் கீறாரு."

கோயிலை விட்டு வந்து நேராகக் கரைக்குப் போனாள். ஜான்சன் கவிழ்த்துப் போட்ட படகின் நிழலில் வலையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். தைக்கவில்லை. அவளைப் பார்த்ததும் எழுந்தான்.

"ஜான்சா, கடைசியா அவரு எங்க இருந்தாரு?"

பத்து மாதமாகக் கேட்காத கேள்வி.

"பின்னாடி, இன்ஜின் கிட்ட சுக்கானப் புடிச்சிக்கினு இருந்தாரு அண்ணி. நாங்கல்லாம் கத்திக்கினு முன்னாடி ஓடுனோம். 'வுட்டுட்டு வாண்ணா'ன்னேன். 'நா புடிச்சிக்கினு கீறேன், நீங்க கயித்த புடிங்கடா'ன்னாரு. அப்பதான் அல வந்துச்சு. நாங்க கயித்தால பொழச்சோம். அவரு கைய எடுக்கவே இல்ல அண்ணி."

சொல்லிவிட்டு மணலில் உட்கார்ந்து ஓவென்று அழுதான். ஜெசிந்தா அவன் அழுது முடிக்கும் வரைக்கும் நின்றாள். பிறகு, "எழுந்திரு, கோயிலுக்குப் போலாம்" என்றாள்.

கோயிலில் படம் மறுபடி சுவருக்குப் போயிருந்தது. புதுச் சட்டம், புது வார்னிஷ் வாசனை. பார்க்கிறவர்களுக்குப் படகில் பன்னிரண்டு பேர்தான். கதவோரம் மேஜையில் நோட்டு திறந்தே இருந்தது. ஜெசிந்தா பேனாவை எடுத்து, 'மரியசெல்வம்' என்று எழுதினாள். எழுத்து கோணலாக வந்தது. அமலதாஸ் நோட்டை மூடி எடுத்துக்கொண்டு போனார்.

இரண்டு பேரும் படத்துக்கு எதிரே சுவரில் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஜெசிந்தா ஜெபமாலையை எடுத்தாள். முதல் பாதியை ஜான்சன் சொல்வான் என்று காத்திருந்தாள். சத்தமே இல்லை. திரும்பிப் பார்த்தால், வாய் பிளந்து, தலை தோளில் விழ, தூங்கிவிட்டிருந்தான். பத்து மாதத் தூக்கம். எழுப்ப அவளுக்கு மனசு வரவில்லை.

"அருள் நிறைந்த மரியே" என்று அவளே ஆரம்பித்தாள். தன் குரலில் அந்த வார்த்தைகளை அவள் கேட்டதே இல்லை. நிதானமாகச் சொன்னாள், ஓட வேண்டிய அவசரம் இல்லை. முதல் பாதி முடிந்தது. தன் பாதியையும் சொன்னாள். "எங்கள் இறப்பின் வேளையிலும்" என்ற இடத்தில் குரல் உடைந்தது. நிறுத்தாமல் சொல்லி முடித்தாள். முகம் நனைந்து, கழுத்து நனைந்து, ஜாக்கெட் நனைந்தது. துடைக்கவில்லை. அடுத்த மணியைத் தள்ளினாள். மணி கட்டைவிரல் காயத்தில் உரசியது.

வலித்தது.