சுவரோரத்து செர்வ்

காலால் பந்தை வலைக்கு மேலே அடித்து ஆடும் தக்ரோ ஆட்டத்தில், பதினோரு வருடமாக எங்கள் கிளப்பின் மாற்று தெக்கோங் நான். காலைத் தூக்கி வலைக்கு மேலே செர்வ் அடிப்பவனுக்குத்தான் தெக்கோங் என்று பெயர். முதல் தெக்கோங் சொதப்பினால் நான் இறங்க வேண்டும். சம்பளமே அதற்குத்தான். ஆனால் கோச் பரஞ்சோதி என்னை இறக்க மாட்டார், எழுப்புவார்.

"புவனேசா, எந்திரி!" என்று மண்டபமே அதிரக் கத்துவார். நான் எழுந்து பின்சுவரோரம் பந்தை அடித்துப் பழக ஆரம்பித்ததும், களத்தில் இருப்பவனுக்கு இடம் போய்விடுமோ என்று பயம் வந்துவிடும். ஒழுங்காக அடிப்பான். நான் திரும்ப வந்து உட்காருவேன். இதெல்லாம் ஒரு பிழைப்பா, சொல்லுங்கள்!

இந்த வருடமும் ஒரு ஆட்டத்தில்கூட இறங்கவில்லை. ஒரு முறையாவது இறங்கி ஜெயித்துக் கொடுத்தால்தான் அடுத்த வருட ஒப்பந்தத்தில் கையெழுத்து என்று கிளப்பில் சொல்லிவிட்டார்கள். பாலிங் ஊரில் நடந்ததுதான் இந்த வருடத்தின் கடைசி ஆட்டம். கையுறை ஃபேக்டரியில் லீவு எடுத்துக்கொண்டு என் மனைவி நளினியும் வந்திருந்தாள்.

"கல்யாணமாகி ஏழு வருஷமாச்சு. நீங்க அடிச்சு நான் பாத்ததே இல்ல" என்றாள்.

அந்த ஒரு வார்த்தை போதும், மனுஷனுக்குப் புத்தி கெட்டுப்போக.

முதல் செட்டில் எங்கள் முதல் தெக்கோங் தீபன் தடுமாறினான். கோச் என்னை எழுப்பினார். என்னோடு பெஞ்சில் இருந்த மாற்று ஆட்டக்காரன் சிவநேசன் பந்தைத் தூக்கிப் போட, நான் சுவரே இடியும்படி அடித்தேன். எதிரே மேல்வரிசையில் நளினி உட்கார்ந்திருந்தாள். அவள் பார்க்கிறாள் என்ற நினைப்பில் காலை இன்னும் உயரே வீசினேன்.

"அண்ணே, சும்மா காட்டுனா போதும் லா. எதுக்கு இவ்ளோ அடி?" என்றான் சிவநேசன்.

"நீ பந்தப் போடுடா" என்றேன்.

இரண்டாம் செட்டிலும் எழுப்பினார். மூன்றாம் செட்டில் இரண்டு தடவை. ஒவ்வொரு முறையும் தீபன் தேறிக்கொண்டான். ஒவ்வொரு முறையும் நான் முழு பலத்தோடு அடித்தேன். முப்பத்தாறு வயது இடுப்பு எவ்வளவுதான் தாங்கும்? கடைசியாக வந்து உட்கார்ந்தபோது வலது தொடை தானாக நடுங்கியது. கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

இன்னும் ஒரே புள்ளி எடுத்தால் வெற்றி. செர்வ் எங்களுடையது. அப்போது பார்த்து தீபனுக்குக் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ள, அவன் அப்படியே சரிந்தான்.

"புவனேசா, உள்ள போ!"

ஐயோ, பதினோரு வருடம் காத்திருந்த வார்த்தை! செர்வ் வட்டத்துக்குள் போய் நின்றேன். பந்து அழகாக, கேட்ட உயரத்தில் வந்தது. கால்தான் வரவில்லை. இடுப்புவரை எழுந்து அங்கேயே நின்றுவிட்டது. பந்து என் முன்னால் விழுந்து உருண்டது. அதற்கப்புறம் அடித்த ஒரு செர்வும் வலையைத் தாண்டவில்லை. ஆட்டமே போய்விட்டது. கோச் என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை.

எல்லோரும் வேனுக்குப் போன பிறகு நளினி இறங்கி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"கால் ரொம்ப வலிக்குதாங்க?"

"பின்னால சுவத்துகிட்டயே எல்லாத்தையும் அடிச்சுத் தீத்துட்டேன் நளினி. நீ பாக்கிறேன்னுதான்."

அவள் என் காலை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"நான் அந்தப் பக்கம் திரும்பவே இல்லைங்க. எப்ப உங்கள உள்ள விடுவாங்கன்னு ஆட்டத்தையேதான் பாத்துக்கிட்டு இருந்தேன்."